அப்பா வழிச் சீன மரபைப் பிள்ளைகளுக்குக் கொடுக்க நான் பட்ட பாடு

என் கணவர் பினாங்கு ஹொக்கியன் சீனர். நான் பட்டர்வொர்த்தில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். 2022 நவம்பரில் அவர் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தபோது மகளுக்கு எட்டு வயது, மகனுக்கு நான்கு. அவர் இருந்தவரை எங்கள் வீட்டில் பேசி வைக்காத ஓர் ஏற்பாடு இருந்தது. தீபாவளி, பொங்கல், தைப்பூசம் என் பொறுப்பு. சீனப் புத்தாண்டு, கல்லறை வழிபாட்டுக்குரிய செங் பெங், டிசம்பரில் வரும் டாங் செக் எல்லாம் அவர் பொறுப்பு. எத்தனை ஆரஞ்சு வாங்க வேண்டும், யாருக்கு எவ்வளவு அங்பாவ் (சிவப்பு உறையில் வைத்துக் கொடுக்கும் பணம்), எந்த நாளில் எந்த வீட்டுக்கு முதலில் போக வேண்டும் என்ற கணக்கெல்லாம் அவர் தலைக்குள்தான் இருந்தது. நானும் பிள்ளைகளும் பின்னால் போவோம். அவர் போனதும் அந்தக் கணக்கும் போய்விட்டது.

பிள்ளைகளுக்குச் சீனப் பண்பாட்டை அறிமுகப்படுத்துவது எப்படி என்று தேடினால் பாண்டா, பெருஞ்சுவர், டிராகன், காகித விளக்கு என்று வண்ணமயமாக நிறையக் கிடைக்கும். ஆயர் ஈத்தாமில் இருக்கும் பாட்டி வீட்டுக் கூடத்தில் ஒரு குழந்தை நுழைந்ததும் முதலில் யாரைப் பார்த்து என்ன சொல்ல வேண்டும் என்று அவற்றில் எதுவும் சொல்லாது. என்னைப் போல் சீனக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்ட தமிழ்ப் பெண்கள் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் நிறையப் பேர் இருக்கிறோம். யாராவது ஒருவர் எனக்கு முன்கூட்டியே சொல்லியிருந்தால் எத்தனையோ இரவுகள் அழாமல் தூங்கியிருப்பேன். அதனால்தான் எழுதுகிறேன்.

இறுதிச் சடங்கிலிருந்தே தொடங்க வேண்டும். என் பிள்ளைகளுக்குச் சீன மரபின் முதல் பாடம் அங்கேதான் நடந்தது, அதுவும் எந்தத் தயாரிப்பும் இல்லாமல். சீன வழக்கப்படி மூன்று, ஐந்து என்று ஒற்றைப்படை நாட்கள் உடலை வைத்திருப்பார்கள். எங்களுக்கு மூன்று நாள். என் மகன் தலைமகன் என்பதால் ஊதுவத்திக் கலயத்தை அவன் கையில் கொடுத்தார்கள். நான்கு வயதுக் குழந்தை, கலயம் கனக்கிறது என்று அழுதான். அவனுடைய பெரியப்பா கீழே கை கொடுத்துத் தாங்கிக்கொண்டார். சட்டைக் கையில் துக்கத் துணித்துண்டைக் குத்தினார்கள். சவப்பெட்டியை மூடும் நேரத்தில் எல்லோரும் முதுகைக் காட்டித் திரும்பி நிற்கச் சொன்னார்கள். நம் வீடுகளில் கடைசி முறையாக முகத்தைப் பார்க்கத்தான் முண்டியடிப்போம். அப்பாவைப் பார்க்க வேண்டிய நேரத்தில் ஏன் திரும்பச் சொல்கிறார்கள் என்று மகள் கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. காகித வீடும் காகிதக் காரும் எரிந்தபோது, அப்பாவின் வீட்டுக்கே தீ வைக்கிறார்கள் என்று சின்னவன் அலறினான்.

அதைவிட என்னை உடைத்தது வேறொன்று. என் மாமியார் வரவில்லை. பெற்ற மகன் பெட்டியில் கிடக்கிறான், தாய் வீட்டில் அறைக்குள் இருக்கிறார். மகன் போனால் தாய் மார்பில் அடித்துக்கொண்டு விழுந்து அழும் வீடுகளில் வளர்ந்தவள் நான். இந்தக் கல்யாணம் பிடிக்காமல்தான், பேரப்பிள்ளைகள் பாதித் தமிழர்கள் என்பதால்தான் வரவில்லை என்று எனக்கு நானே முடிவு கட்டிக்கொண்டேன். அந்தக் கசப்போடு பல மாதங்கள் ஆயர் ஈத்தாம் பக்கமே போகவில்லை. பிறகு ஒருநாள் என் ஓரகத்திதான் உட்கார வைத்துச் சொன்னார். வெள்ளை முடிக்காரர் கறுப்பு முடிக்காரரை வழியனுப்பக் கூடாது என்பது சீனர்களின் வழக்கம். பெற்றவர் இருக்கும்போது பிள்ளை போவது முறை தவறிய சாவு; அதனால் தாய் அந்தச் சடங்கில் நிற்கக் கூடாது, மகனுக்கு ஊதுவத்தி ஏற்றவும் கூடாது. அந்த மூன்று நாளும் மாமியார் சோறு சாப்பிடவில்லையாம். இதைக் கேட்டு நான் அழுத அழுகை என் கணவர் செத்த அன்றைக்கு அழுததைவிட அதிகம்.

இதனால் சொல்கிறேன்: உங்கள் கணவரோ மனைவியோ சீனர் என்றால், திருவிழாக்களைப் பற்றிக் கேட்பதற்கு முன் சாவைப் பற்றிக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கேட்க நாக்குக் கூசும். என்றாலும் கேளுங்கள். யார் முன்னால் நிற்பார், யார் வரமாட்டார், எதை எரிப்பார்கள், எப்போது திரும்பி நிற்க வேண்டும் என்பதையெல்லாம் சின்னப் பிள்ளைகளுக்கு முன்பே சொல்லிவிட்டால் பாதி பயம் போய்விடும். காகித வீட்டைப் பற்றி, "அப்பா போகும் இடத்துக்கு இதைப் புகையாக அனுப்புகிறோம்" என்று பெரியப்பா சொன்ன ஒரு வாக்கியத்தில் என் மகன் அடங்கிவிட்டான். அதை இரண்டு மணி நேரம் முன்னதாகச் சொல்ல ஆள் இல்லாமல் போனதுதான் குறை. உறவினர்கள் கொடுக்கும் வெள்ளை உறைப் பணத்தை பெக் கிம் என்பார்கள். அது ஒற்றைப்படைத் தொகையாக இருக்கும். நல்ல காரியத்துக்கு இரட்டைப்படை. உங்கள் பக்கத்து உறவினர்களுக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

இன்னொரு விஷயம், மிகச் சாதாரணமாகத் தெரியும், ஆனால் அந்த நேரத்தில் கழுத்தை நெரிக்கும். கல்வெட்டுக்காரர் வந்து, பிள்ளைகளின் பெயர்களைச் சீன எழுத்தில் எழுதிக் கொடுங்கள் என்றார். இறந்தவரின் கல்லில் பிள்ளைகளின் பெயர்களும் பூர்வீக ஊரின் பெயரும் சீன எழுத்தில் வர வேண்டும். பிறப்புப் பத்திரத்தில் இருப்பது ரோமன் எழுத்து மட்டும். ஒரே ஒலிக்குச் சீனத்தில் எத்தனையோ எழுத்துகள் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் ஒரு பொருள். எந்த எழுத்தை நினைத்து அவர் பெயர் வைத்தார் என்பது அவருக்கு மட்டுமே தெரியும். கடைசியில், மகன் பிறந்தபோது அவர் தன் அண்ணனுக்குக் கைபேசியில் எழுதிய செய்தியில் மகன் பெயர் கிடைத்தது. மகளுடையது ஆ மா, அதாவது என் மாமியார், வைத்திருந்த பழைய சிவப்புத் தாள் ஒன்றில் இருந்தது. பூர்வீகம் ஃபூஜியான் மாநிலத்துத் தோங்ஆன் என்பதும் அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. இன்றே ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்: குடும்பப் பெயர், தலைமுறைக்குப் பொதுவான எழுத்து ஏதேனும் இருந்தால் அது, பிள்ளைகளின் முழுப் பெயர், பூர்வீக ஊர், தாத்தா பாட்டியின் பெயர்கள். எழுதியதைப் படம் எடுத்து இரண்டு இடங்களில் வைத்துக்கொள்ளுங்கள். கல்லில் வெட்டுவதற்கு முன் குடும்பத்துப் பெரியவர் ஒருவரிடம் காட்டிச் சரி என்ற பிறகே ஒப்புதல் கொடுங்கள்.

சாம்பல் விஷயத்திலும் இழுபறி வந்தது. கடலில் கரைத்துவிட வேண்டும் என்பது என் அம்மாவின் கட்சி. கலசத்தை மாடத்தில் வைத்தால்தான் பிள்ளைகள் ஆண்டுதோறும் வந்து கும்பிட ஓர் இடம் இருக்கும் என்பது அவர் குடும்பத்தின் கட்சி. நான் அவர்கள் பக்கம் நின்றேன். கலசம் இப்போது பினாங்கில் பத்து கந்தோங் என்ற இடத்தில் உள்ள மாடத்தில் இருக்கிறது. அம்மா சில மாதங்கள் என்னுடன் சரியாகப் பேசவில்லை. ஆனால் என் பிள்ளைகளுக்கு அப்பாவைப் பார்க்கப் போவதற்கு ஒரு முகவரி இருக்கிறது. இதில் எனக்கு எந்தச் சஞ்சலமும் இல்லை.

2023 சீனப் புத்தாண்டு ஜனவரி 22ஆம் தேதி வந்தது. துக்க வீட்டுக்கு அந்த ஆண்டு பெருநாள் கிடையாது. சிவப்பு உடுத்தக் கூடாது, பிறர் வீட்டுக்குப் போகக் கூடாது. நம் வீடுகளிலும் ஓராண்டுக்குப் பண்டிகை இல்லை என்பதால் இது எனக்குப் புரிந்தது. பிள்ளைகளுக்குப் புரியவில்லை. சுற்றிலும் பட்டாசு, சிங்க நடனம், எங்கள் வீட்டில் மட்டும் இருட்டு. அப்பா இல்லையென்றால் நாம் சீனர் இல்லையா என்று மகள் கேட்டாள். அந்தக் கேள்விதான் என்னைத் தவறான கடைக்கு ஓட வைத்தது என்று சொல்லலாம்.

அப்போது ஒரு தனியார் பயிற்சி மையத்தின் விளம்பரம் கண்ணில் பட்டது. சீன மொழியும் பண்பாடும் ஒரே தொகுப்பில், வாரக் கடைசி வகுப்பு, ஓராண்டுக்கு இரண்டு பிள்ளைகளுக்கும் சேர்த்து 3,600 ரிங்கிட். மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி என்றார்கள். அவருடைய சேமநிதிப் பணம் வந்திருந்த நேரம். அவர் பணம், அவர் பண்பாட்டுக்கே போகட்டும் என்று கட்டினேன். பாரம்பரிய உடை என்று மேலும் 280 ரிங்கிட் வாங்கினார்கள். நீண்ட கைகள் தொங்கும் பழங்கால அரச உடை அது. பினாங்கில் எந்தச் சீனப் பாட்டியும் தாத்தாவும் அணிந்து நான் பார்த்ததில்லை. என் மாமியார் அணிவது பாத்தேக் சட்டை. வகுப்பில் மாண்டரின் பாட்டு, காகிதம் வெட்டுதல், படம் எடுத்துக்கொள்ளுதல். படங்கள் அழகாகவே வந்தன. சில மாதங்களில் ஆசிரியர் மாறினார், பிறகு வகுப்புகள் தள்ளிப்போயின, பிறகு மையம் இடம் மாறுகிறது என்றார்கள், பிறகு தொலைபேசியை எடுக்கவில்லை.

பணத்தைவிட வலித்தது, பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஆ மா வீட்டுக்குப் போன நாள்தான். மகள் ஆசையாகத் தான் கற்ற மாண்டரின் வாக்கியங்களைச் சொன்னாள். மாமியார் சிரித்தார், தலையசைத்தார், பதில் சொல்லவில்லை. அவருக்கு மாண்டரின் தெரியாது. பள்ளிக்கூடம் போகாதவர், வாழ்நாள் முழுவதும் பேசியது பினாங்கு ஹொக்கியனும் சந்தை மலாயும்தான். ஓராண்டுக் கட்டணம் கட்டிப் படித்த மொழியில் பேத்தியால் சொந்தப் பாட்டியிடம் ஒரு வாய்த் தண்ணீர் கேட்க முடியவில்லை. மாண்டரின் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2025இல் என் மகன் தேசிய வகைச் சீனப்பள்ளியில் முதலாம் ஆண்டு சேர்ந்தான், அங்கே மாண்டரின் இல்லாமல் நடக்காது. ஆனால் அது பள்ளிக்கான மொழி. பாட்டிக்கான மொழி வேறு. பணம் கட்டுவதற்கு முன் உங்கள் வீட்டுச் சீனர் எந்த வகையினர் என்று பாருங்கள். பினாங்கில் பெரும்பாலும் ஹொக்கியன், ஈப்போவிலும் கோலாலம்பூரிலும் கேன்டனீஸ் அதிகம். தியோச்சூ, ஹக்கா, ஹைனான் குடும்பங்களும் உண்டு. பேச்சு மட்டும் வேறில்லை, எந்தப் பண்டிகைக்கு அழுத்தம், எந்தப் பலகாரம், எந்தச் சாமி என்பதும் மாறும். எல்லோருக்கும் பொதுவாக ஒரு சீனப் பண்பாட்டுப் பாடத்திட்டம் என்று யார் விற்றாலும் சந்தேகப்படுங்கள்.

அந்தப் பணத்துக்கு நான் செய்ததையும் சொல்லிவிடுகிறேன். மலேசியாவில் பயனீட்டாளர் உரிமைகோரல் மன்றம் இருக்கிறது. மனுக் கட்டணம் 5 ரிங்கிட்தான். 50,000 ரிங்கிட் வரை கோரலாம், பிரச்சினை எழுந்து மூன்று ஆண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும், வழக்கறிஞர் வைக்கத் தேவையில்லை, வைக்கவும் அனுமதி இல்லை. ரசீது, விளம்பரத் தாள், வகுப்பை ரத்து செய்து அனுப்பிய செய்திகள் எல்லாவற்றையும் அச்செடுத்துக் கொடுத்தேன். விசாரணைக்கு முன்பே அந்த மையத்தினர் சமரசத்துக்கு வந்து 1,500 ரிங்கிட் திருப்பிக் கொடுத்தார்கள். மீதி போனது போனதுதான். ஓராண்டுக் கட்டணத்தை ஒரேயடியாக யாருக்கும் கட்டாதீர்கள். மாதம் மாதம் வாங்க மறுக்கும் இடத்துக்குப் போகவே வேண்டாம்.

ஒரு காசு செலவில்லாமல் வேலை செய்தது எது என்றால், உறவுமுறைப் பெயர்கள். ஓரகத்தி ஒரு தாளில் எழுதிக் கொடுக்க, நான் தமிழ் எழுத்தில் மாற்றிக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டினேன். ஆ கொங் தாத்தா, ஆ மா பாட்டி, ஆ பே பெரியப்பா, ஆ செக் சித்தப்பா, ஆ கோர் அத்தை, ஆ கு தாய்மாமன், ஆ ஈ அம்மாவின் சகோதரி. சித்தப்பாவையும் தாய்மாமனையும் ஒரே சொல்லால் அழைக்கும் பழக்கம் நமக்கும் இல்லை, அவர்களுக்கும் இல்லை. அதனால் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இது இரண்டே நாளில் மனத்தில் ஏறிவிடும். சீன வீட்டில் மரியாதையின் அடித்தளமே இதுதான். வீட்டுக்குள் நுழைந்ததும் வயது வரிசைப்படி ஒவ்வொருவரையும் முறை சொல்லி அழைக்க வேண்டும். மேசையில் உட்கார்ந்ததும், கரண்டியைத் தொடுவதற்கு முன், "ஆ மா, சியா" என்று பெரியவரைச் சாப்பிடச் சொல்ல வேண்டும். என் மகன் முதல் முறை அதைச் சொன்னபோது மாமியார் எழுந்து போய் அவனுக்குக் கோழித் தொடையை எடுத்து வந்து வைத்தார். அவ்வளவு காலம் எங்களுக்குள் இருந்த இறுக்கம் அந்தச் சாப்பாட்டு மேசையில்தான் தளர்ந்தது. பிள்ளை எதையும் கற்பதற்கு முன் இந்த ஏழு சொற்களையும் அந்த ஒரு வாக்கியத்தையும் கற்றுக்கொடுங்கள். சாப்பிடும் குச்சியைச் சோற்றில் செங்குத்தாக நட்டு வைக்கக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அது இறந்தவருக்குப் படைக்கும் முறை.

2024 பிப்ரவரி 10இல் புத்தாண்டு வந்தபோது துக்கம் கழிந்திருந்தது. இரண்டு வாரங்களுக்கு முன்பே மாமியார் என்னை அழைத்து ஒரு பையைக் கொடுத்தார். உள்ளே சிவப்புச் சட்டை, எனக்கு. கணவனை இழந்தவள் சிவப்பு உடுத்தினால் எங்கள் பக்கத்தில் எப்படிப் பேசுவார்கள் என்று எனக்குத் தெரியும். உடுத்தாமல் போனால் அவர் மனம் எப்படி நோகும் என்பதும் தெரியும், ஏனென்றால் துக்கம் முடிந்த பிறகும் புத்தாண்டன்று வெள்ளையோ கறுப்போ உடுத்தி வருவது அங்கே வீட்டுக்கே ஆகாது. என் பெரியம்மா, "இதெல்லாம் நமக்கு ஆகாதும்மா" என்றார். நான் உடுத்திக்கொண்டு போனேன். சாமி மாடத்துக்கு முன்னால் பிள்ளைகளோடு நின்றபோது, என்னை ஒதுக்கி வைக்காத ஒரு வீட்டில் நிற்கிறேன் என்று தோன்றியது. கைம்பெண்ணை மங்கல காரியத்திலிருந்து தள்ளி வைக்கும் நம் வழக்கத்தை என் மகள் கற்றுக்கொள்ளப் போவதில்லை. அதைவிட எனக்கு அவளுடைய பாட்டி வீட்டு வழக்கமே மேல்.

புத்தாண்டு நாளின் நடைமுறைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முந்தைய இரவுச் சாப்பாடுதான் எல்லாவற்றிலும் பெரியது. வேறு எதைத் தவறவிட்டாலும் அதைத் தவறவிடக் கூடாது. முதல் நாள் வீடு பெருக்குவதில்லை, தலைக்குக் குளிப்பதில்லை, பிள்ளைகளைத் திட்டுவதில்லை. பார்க்கப் போகும்போது ஆரஞ்சுகளைச் சோடியாகக் கொண்டு போக வேண்டும். அவர்களும் ஒரு சோடி திருப்பிக் கொடுப்பார்கள். அங்பாவ் திருமணமானவர்கள் திருமணமாகாதவர்களுக்குக் கொடுப்பது. கணவர் இல்லாவிட்டாலும் நீங்கள் திருமணமானவர்தான், கொடுக்க வேண்டும். புதிய நோட்டு, இரட்டைப்படைத் தொகை, நான்கு மட்டும் வேண்டாம். புதிய நோட்டுகளை வங்கியில் முன்கூட்டியே மாற்றிக்கொள்ளுங்கள், கடைசி வாரத்தில் தீர்ந்துவிடும். பிள்ளைகள் இரண்டு கையாலும் வாங்க வேண்டும், கொடுத்தவர் எதிரில் பிரிக்கக் கூடாது. இதைப் பல முறை சொல்லிப் பழக்காவிட்டால் நான்கு வயதுப் பிள்ளை அங்கேயே கிழித்துவிடும்.

ஹொக்கியன் குடும்பம் என்றால் ஒன்பதாம் நாள் முதல் நாளைவிடப் பெரியது. அது தீ கோங் என்று அவர்கள் அழைக்கும் விண்ணுலகப் பேரரசரின் பிறந்தநாள். படையெடுப்புக்குத் தப்பி ஹொக்கியன் மக்கள் கரும்புத் தோட்டத்தில் ஒளிந்து பிழைத்த கதையைச் சொல்லி, முழுக் கரும்புகளை மேசையின் இரு புறமும் கட்டுவார்கள். எட்டாம் நாள் நள்ளிரவில் ஜார்ஜ் டவுன் கடற்கரையோரம் செவ் படகுத்துறைக் குடியிருப்பில் நீள வரிசையாக மேசைகள் போட்டுச் செய்யும் வழிபாட்டைப் பிள்ளைகள் ஒரு முறையாவது பார்க்க வேண்டும். அதற்கு அவர்களை மாலையில் தூங்க வைத்து எழுப்புங்கள், காதை மூடப் பஞ்சு எடுத்துப் போங்கள், காரைத் தொலைவிலேயே நிறுத்திவிடுங்கள். ஃபெரியில் இப்போது கார் ஏற்றுவதில்லை, எங்களைப் போல் பெருநிலப் பக்கம் இருப்பவர்கள் பாலத்தைத்தான் நம்ப வேண்டும்.

செங் பெங் ஏப்ரல் 4 அல்லது 5ஆம் தேதி வரும். அதற்கு முன்னும் பின்னும் பத்து நாட்கள் வரை போகலாம். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள். வார நாளில் விடுப்பு எடுத்து, வெயில் ஏறுமுன் போய்விடுங்கள். இழைப்பு இருக்கும் பிள்ளையைக் காகிதம் எரிக்கும் உலைக்குக் காற்றுவாட்டில் நிறுத்தாதீர்கள். என் மகனுக்கு அந்தப் புகை இரண்டு நாள் இருமலைக் கொடுத்தது. முதலில் ஆ கொங்கின் கல்லறை. புல் பிடுங்கி, எழுத்துகளுக்குச் சாயம் பூசி, வண்ணக் காகிதங்களைப் பறக்காமல் சிறு கல் வைத்து மண்மேட்டின் மேல் பரப்ப வேண்டும். இதைச் செய்யத் தாத்தாவை நேரில் பார்த்திராத என் மகனை விட்டார்கள். பிறகு பத்து கந்தோங். மாமியார் வந்தார், மகனின் மாடத்துக்கு முன் நின்றார், ஊதுவத்தியைத் தொடவில்லை. இப்போது பிள்ளைகளுக்கு அதன் காரணம் தெரியும்.

படைத்த உணவை இறந்த பெரியவர்கள் சாப்பிட்டு முடித்தார்களா என்று கேட்பதற்கு இரண்டு நாணயங்களைத் தூக்கிப் போடுவார்கள். ஒன்று பூ, ஒன்று தலை விழுந்தால் முடித்துவிட்டார்கள். இரண்டும் ஒரே பக்கம் என்றால் இன்னும் இல்லை. கோயிலில் பூப்போட்டுப் பார்த்து உத்தரவு கேட்ட தலைமுறை என் ஆயாவுடையது, அதனால் எனக்கு இது அந்நியமாகத் தோன்றவில்லை. நாணயம் போடும் வேலையை மகளிடம் கொடுத்தார்கள். இரண்டு முறை இல்லை என்று விழுந்தது. "அப்பா எப்போதும் மெதுவாகத்தான் சாப்பிடுவார்" என்றாள். மாடத்துக்கு முன்னால் நின்ற எல்லோரும் சிரித்தோம், அழுதோம். பிள்ளைக்கு ஒரு வேலை கிடைத்துவிட்டால் சடங்கு அவர்களுடையதாகிவிடும். ஓரமாக நிற்க வைத்துப் படம் எடுத்தால் எத்தனை ஆண்டு போனாலும் விருந்தாளிதான். அதனால் எந்தச் சடங்குக்கும் போகுமுன் ஆ மாவிடமோ ஓரகத்தியிடமோ, பிள்ளைக்கு என்ன வேலை கொடுக்கலாம் என்று நானே கேட்டுவிடுகிறேன். தேநீர்க் கிண்ணம் வைப்பது, பழத்தை அடுக்குவது, பொன் காகிதம் மடிப்பது என்று ஏதாவது ஒன்று இருக்கும்.

எங்கிருந்து தொடங்குவது என்று திகைப்பவர்களுக்கு டாங் செக்கைச் சொல்வேன். டிசம்பர் 21 அல்லது 22 வரும் குளிர்காலத் திருப்ப நாள், பள்ளி விடுமுறையிலும் விழலாம். முந்தின இரவு பசையரிசி மாவைப் பிசைந்து, வெள்ளையும் சிவப்புமாகச் சிறு உருண்டைகள் உருட்டி, காலையில் இஞ்சியும் பாண்டான் இலையும் போட்ட சர்க்கரைப் பாகில் வேக வைத்துப் படைத்துச் சாப்பிட வேண்டும். அதைச் சாப்பிட்டால் ஒரு வயது கூடிவிட்டது என்று கணக்கு. மாவு, சர்க்கரை, இஞ்சி எல்லாம் சேர்த்துப் பத்து ரிங்கிட் கூட ஆகாது. கொழுக்கட்டைக்கு மாவு பிசையத் தெரிந்த எந்தத் தமிழ் அம்மாவுக்கும் பக்குவம் கையில் வந்துவிடும். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள், அவ்வளவுதான். உருட்டும்போது ஆ மா பேசுவதைக் கைபேசியில் பதிவு செய்து வைக்கிறேன். அவருக்கு எண்பதைத் தாண்டிவிட்டது.

என் பக்கத்து உறவினர்களின் கேள்விகளும் குறைவில்லை. பிள்ளைகளை முழுக்கச் சீனராக ஆக்கப் போகிறாயா, கோயிலுக்கு அழைத்துப் போகிறாயா இல்லையா என்று. மகள் தமிழ்ப்பள்ளியில் படிக்கிறாள், தேவாரம் பாடுவாள். ஆ மா வீட்டில் கும்பிடுவது குவான் யின் அம்மனை. அந்த அம்மனைக் கும்பிடும் சீனர்கள் பலரும் நம்மைப் போலவே மாட்டிறைச்சி தொடுவதில்லை, எங்கள் இரண்டு வீட்டுச் சமையலும் அதனால் தப்பித்தது. ஜார்ஜ் டவுனில் குவான் யின் கோயிலும் குயீன் தெரு மகா மாரியம்மன் கோயிலும் நடந்து போகும் தூரத்தில்தான் இருக்கின்றன. ஒரே காலையில் இரண்டுக்கும் போய் வருவோம். இரண்டிலும் வாசற்படியை மிதிக்காமல் தாண்ட வேண்டும், இரண்டிலும் நெருப்பை வாயால் ஊதி அணைக்கக் கூடாது. பிள்ளைகள் இதைத் தாங்களாகவே கவனித்துச் சொன்னார்கள். பினாங்குத் தைப்பூசத்தில் ரதத்துக்கு முன்னால் சீனர்கள் மலைமலையாகத் தேங்காய் உடைப்பதைப் பார்த்து வளர்ந்த ஊரில், இது குழப்பம் என்று பெரியவர்கள் சொல்வதுதான் எனக்குப் புரியவில்லை. 2025இல் தைப்பூசம் பிப்ரவரி 11, சீனப் புத்தாண்டின் பதினைந்தாம் நாளான சாப் கோ மே பிப்ரவரி 12. முதல் நாள் தண்ணீர்மலை, மறுநாள் கடற்கரையில் ஆரஞ்சு வீசுவது. இரண்டும் முழுநிலவுக் கணக்கு என்று மகள் நாட்காட்டியில் கண்டுபிடித்துச் சொன்னாள்.

அதிலிருந்து வீட்டில் இரண்டு நாட்காட்டிகளையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டியிருக்கிறோம். சந்திர மாதத் தேதி அச்சிட்ட சீன நாட்காட்டி பத்து ரிங்கிட்டுக்குள் கிடைக்கும். ஆண்டின் தொடக்கத்திலேயே ஓரகத்தியோடு உட்கார்ந்து முக்கிய நாட்களில் வட்டம் போட்டுவிடுகிறேன், அலுவலகத்தில் விடுப்பும் அப்போதே சொல்லிவிடுகிறேன். நாங்கள் இருக்கும் ராஜா ஊடா பக்கத்தில் ஒன்பது பேரரசர் தெய்வங்களின் கோயில் இருக்கிறது. ஒன்பதாம் சந்திர மாதத்தின் முதல் ஒன்பது நாளும் பக்தர்கள் வெள்ளை உடுத்திச் சைவம் காப்பார்கள், மஞ்சள் கொடி கட்டிய சைவக் கடைகள் தெருவெல்லாம் முளைக்கும். 2023இலும் 2024இலும் அது நம் நவராத்திரி தொடங்கிய அதே நாளில் தொடங்கியது. புரட்டாசி விரதத்தில் இருந்த பிள்ளைகளுக்கு ஒரே விரதத்தில் இரண்டும் முடிந்தது. 2025இல் சீனக் கணக்கில் ஒரு மாதம் கூடுதலாக வந்ததால் அக்டோபர் 21க்கு, தீபாவளிக்கு மறுநாளுக்குத் தள்ளிப்போனது. தீபாவளிக்கு ஆட்டுக்கறி சமைக்கும் வீடுகளில் இதை முன்பே பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். நாங்கள் கறியைத் தீபாவளி அன்று பகலோடு முடித்துவிட்டு, சட்டிகளைப் புளி போட்டுத் தேய்த்துக் கழுவி வைத்தோம். மறுநாள் காலையில் மகன் வெள்ளைச் சட்டையோடு பெரியப்பாவின் கார் வருகிறதா என்று வாசலில் நின்றான்.